ஒரே காசு, நூறு குடும்பம்: முழு வீடா, பாதி வீடா, வெறும் மனையா?

சிலி நாட்டின் வடக்கே, அட்டகாமா பாலைவனம் கடலைத் தொடும் இடத்தில் இக்கிக்கே என்றொரு துறைமுக ஊர் இருக்கிறது. ஊர் நடுவே கிந்தா மொன்ராய் என்ற அரை ஹெக்டேர் நிலம். நம் கணக்கில் ஒன்றேகால் ஏக்கர். அதில் சுமார் நூறு குடும்பங்கள் 30 வருடமாகப் பட்டா இல்லாமல் குடிசை போட்டு வாழ்ந்துகொண்டிருந்தன. 2000-களின் தொடக்கத்தில் அவர்களை அங்கேயே குடியமர்த்த முடிவானது. குடும்பத்துக்கு 7,500 டாலர் மானியம். அந்தப் பணத்துக்குள் நிலத்தை வாங்க வேண்டும், தண்ணீரும் சாக்கடையும் போட வேண்டும், வீட்டையும் கட்டி முடிக்க வேண்டும். ஊர் நடுவில் இருந்ததால் நிலத்தின் விலையோ, இம்மாதிரித் திட்டங்கள் வழக்கமாகக் கொடுக்கக்கூடிய விலையைப்போல் மூன்று மடங்கு.

சிலியின் கட்டடக்கலைஞர் அலெஹாந்த்ரோ அரவேனாவின் எலமென்டல் குழு கணக்குப் போட்டுப் பார்த்தது. மனைக்கு ஒரு தனி வீடு என்றால் 30 குடும்பங்களுக்குத்தான் இடம். வரிசை வீடு என்றால் 60 சொச்சம். அடுக்குமாடி என்றால் எல்லோருக்கும் இடம் உண்டு. ஆனால் அந்தப் பேச்சை எடுத்தாலே உண்ணாவிரதம் இருப்போம் என்றார்கள் குடியிருந்தவர்கள்.

அந்தக் குழு கடைசியில் என்ன செய்தது என்பதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் கேள்வியை நம்முடையதாக்கிக்கொள்வோம். வீட்டுவசதிச் சங்கமோ, புயலுக்குப் பிறகு வீடு கட்டித்தர வந்த அறக்கட்டளையோ, நகராட்சியோ, யாராக இருந்தாலும் குடும்பத்துக்கு இவ்வளவு என்று ஒரு தொகைதான் கையில் இருக்கும். அது போதாது. போதாத காசை மூன்று விதமாகச் செலவழிக்கலாம். சின்னதாகவோ தூரமாகவோ இருந்தாலும் முழு வீடாகக் கட்டிச் சாவியைக் கொடுப்பது ஒரு வழி. பாதி வீட்டைக் கட்டிவிட்டு மீதியைக் குடியேறுபவர் கையில் விடுவது இன்னொரு வழி. வீட்டைத் தொடாமல் மனை பிரித்து, சாலையும் தண்ணீரும் சாக்கடையும் மட்டும் போட்டுக் கொடுப்பது மூன்றாவது.

இவற்றை நிறுக்க நான் எடுத்துக்கொண்டிருக்கும் தராசு, 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவில் பிறந்த பிராக்மாட்டிசம். தமிழில் நடைமுறைவாதம் என்று எழுதுகிறோம். அந்தப் பெயர் கொஞ்சம் ஏமாற்றும். கட்டட வேலையில் யாராவது "நடைமுறையைப் பாருங்க சார்" என்றால் ஒரு ஜன்னல் குறையப்போகிறது என்று அர்த்தம். தத்துவத்தில் அந்த அர்த்தம் இல்லை. சார்லஸ் பர்ஸ் 1878-ல் ஒரு விதி வைத்தார்: ஒரு கருத்தின் பொருள் தெரிய வேண்டுமானால், அதனால் நடப்பில் என்னென்ன விளையும் என்று பார். விளைவில் வித்தியாசம் இல்லாத இரண்டு கருத்துகள் உண்மையில் ஒரே கருத்துதான். வில்லியம் ஜேம்ஸ் இன்னும் ஒரு படி மேலே போனார். உண்மை கருத்துக்குள் சும்மா உட்கார்ந்திருப்பதில்லை, போகப் போக அதற்கு நேர்வது என்றார். ஜான் டூயி இதைப் பள்ளிக்கூடத்துக்கும் அரசியலுக்கும் இழுத்துவந்தார். அவருக்கு எந்தத் திட்டமும் ஒரு ஊகம்தான். செய்து பார்த்துத் திருத்த வேண்டியது.

'செய்து பார்' என்பதைக் கவனியுங்கள். முயன்று பார்ப்பதற்கும் கண்ணால் பார்ப்பதற்கும் தமிழில் ஒரே வினை. வீட்டைக் கட்டிப் பார் என்று நாம் மிரட்டுவதற்குச் சொல்கிறோம். டூயி கேட்டிருந்தால் அதை ஆய்வுமுறை என்று எடுத்துக்கொண்டிருப்பார்.

அவர் 1927-ல் சொன்ன உவமை ஒன்று இந்தக் கட்டுரைக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறது. செருப்பு கடிக்கிறது, இந்த இடத்தில் கடிக்கிறது என்று போட்டிருப்பவருக்குத்தான் தெரியும். அதைச் சரிசெய்யும் விதம் தைப்பவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கலாம். வீட்டுக்கும் அதேதான். ஆகவே திறப்பு விழா அன்று எது அழகாக இருந்தது என்பதை விட்டுவிடலாம். நான் கேட்கப்போவது வேறு: தவறு நடந்தால் அது யாருக்கு முதலில் தெரியும், தெரிந்தவர் கையில் அதைத் திருத்த வழி இருக்கிறதா, திருத்த எவ்வளவு ஆகும்?

சாவி கொடுக்கும் வீடு

முழு வீட்டுக்கு எதிராகப் பேசுகிறவர்கள் எல்லோரும் காட்டும் படம் ஒன்றுதான்: அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் 1972-ல் வெடிவைத்துத் தகர்க்கப்படும் ப்ரூட்-ஐகோ குடியிருப்பு. பின்னாளில் நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்களை வடிவமைத்த மினோரு யமசாகிதான் இதையும் வடிவமைத்தார். 11 மாடிக் கட்டடங்கள் 33, வீடுகள் 2,870. 1954-ல் ஆட்கள் குடியேறினார்கள், 1976-க்குள் இடித்துத் தரைமட்டமாக்கிவிட்டார்கள். நவீனக் கட்டடக்கலை செத்த நாள் இது என்று விமர்சகர் சார்லஸ் ஜென்க்ஸ் எழுதினார். அந்த வாக்கியம் அப்படியே ஒட்டிக்கொண்டது.

எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. விளைவைப் பார் என்று சொல்கிற தத்துவம், அந்த விளைவுக்குக் காரணம் எது என்று தேடுவதில் சோம்பல்பட விடாது. கேதரின் பிரிஸ்டல் 1991-ல் இதை அலசி எழுதினார். கட்டுவதற்கு மத்திய அரசு பணம் கொடுத்தது; பராமரிப்பு வாடகையிலிருந்து வந்தாக வேண்டும் என்பது ஏற்பாடு. ஆனால் 1950-ல் எட்டரை லட்சம் பேர் இருந்த நகரம் 1970-ல் ஆறேகால் லட்சத்துக்கும் கீழே சுருங்கிவிட்டது. வேலைகளும் வெள்ளையர் குடும்பங்களும் புறநகருக்குப் போய்விட்டன. வீடு காலியானால் வாடகை குறையும், வாடகை குறைந்தால் பழுதுபார்ப்பு நிற்கும், பழுது நின்றால் இன்னும் வீடுகள் காலியாகும். யமசாகியின் முதல் திட்டத்தில் தாழ்ந்த வீடுகளும் உயர்ந்த கட்டடங்களும் கலந்திருந்தன. செலவைக் காட்டி எல்லாவற்றையும் 11 மாடியாக மாற்றவைத்தது அரசு அலுவலகம். 1969-ல் அந்த நகரின் அரசுக் குடியிருப்புவாசிகள் வாடகை கொடுக்க மறுத்துப் போராடினார்கள். எங்கே கடிக்கிறது என்று ஊருக்கே கேட்கும்படி சொல்லிப் பார்த்தார்கள்.

வடிவமைப்பில் குற்றமே இல்லை என்று சொல்லவில்லை. லிஃப்ட் எல்லா மாடியிலும் நிற்காது. தரைத்தளம் போக 4, 7, 10 ஆகிய தளங்களில் மட்டும்தான் நிற்கும். மற்றவர்கள் அங்கே இறங்கிப் படியேறியோ படியிறங்கியோ போக வேண்டும். இதில் செலவு மிச்சம். அதோடு லிஃப்ட் நிற்கும் தளத்து வராந்தாவில் அக்கம்பக்கத்தார் கூடிப் பேசுவார்கள், பிள்ளைகள் விளையாடுவார்கள் என்றொரு கற்பனையும் இருந்தது. அந்த வராந்தாவும் படிக்கட்டும் வழிப்பறிக்குத்தான் வசதியாகப் போயின.

இப்போது இதே லிஃப்டைச் சிங்கப்பூரில் பாருங்கள். 1960-ல் தொடங்கிய வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், அதாவது அங்குள்ள தமிழர்கள் வீவக என்று சொல்வது, கட்டிய பழைய கட்டடங்களிலும் மின்தூக்கி சில தளங்களில்தான் நின்றது. அதே சிக்கனம், அதே தவறு. ஆனால் 2001-லிருந்து அங்கே மின்தூக்கி மேம்பாட்டுத் திட்டம் என்று ஒன்று வந்தது. குடியிருப்பவர்கள் வாக்களித்து ஒப்புக்கொண்ட கட்டடங்களில், வெளியே புதிய தண்டுகள் கட்டி, தளத்துக்குத் தளம் மின்தூக்கி நிற்க வைத்தார்கள். அந்த நாட்டில் சுமார் ஐந்தில் நால்வர் இன்று வீவக வீடுகளில்தான் இருக்கிறார்கள்.

எனக்கு இந்த ஒப்பீடு முக்கியமாகப் படுகிறது. இரண்டு ஊரிலும் அதே பிழையைச் செய்தார்கள். ஓர் ஊரில் தவறைக் கேட்டுக்கொள்ள ஆளும், திருத்தப் பணமும், அதை நாற்பது வருடம் தூக்கிச் சுமக்க ஓர் அமைப்பும் இருந்தன. இன்னோர் ஊரில் வெடிமருந்துதான் இருந்தது. முழு வீடு கட்டித்தரப் போகிறோம் என்பவர் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இதிலேயே வந்துவிடுகிறது: 2050-ல் லிஃப்ட் மோட்டார் எரிந்தால் யார் மாற்றுவார்கள்? குடியிருப்பவர் கையில் கொத்துக்கரண்டி இருந்தாலும் பத்தாவது மாடியில் அதை வைத்துக்கொண்டு அவர் எதுவும் செய்ய முடியாது. அடுக்குமாடியில் திருத்தும் அதிகாரம் முழுக்க மேலே இருக்கிறது. மேலே இருப்பவர் நல்லவராக, பணக்காரராக, நிரந்தரமாக இருந்தால் சரி.

இன்னொரு விலை தூரம். முழு வீட்டுக்குக் காசு போதவேண்டுமென்றால் நிலத்தில்தான் மிச்சம் பிடிப்பார்கள். சென்னையில் கூவம், அடையாறு கரைகளிலிருந்து பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டவர்களுக்குக் கிடைத்தது முழு வீடுதான். பலருக்குப் பழைய வேலை மட்டும் 20 கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் நின்றுபோனது. செருப்பு அங்கே கடித்தது.

எந்தப் பாதி?

பாதி வீட்டுக்குப் போகுமுன் ஒரு சந்தேகம்: முடிந்த வீடு என்று ஒன்று உண்டா?

பிரான்சில் போர்தோ நகரை ஒட்டிய பெஸாக்கில், ஆன்றி ஃப்ரூஜெஸ் என்ற சர்க்கரை ஆலை அதிபருக்காகக் கட்டடக்கலைஞர் லெ கார்புசியே 1924-26 காலத்தில் சுமார் 50 தொழிலாளர் வீடுகள் கட்டினார். தட்டையான கூரை, குறுக்கே நீண்டு ஓடும் ஜன்னல், தூணின் மேல் நிற்கும் வீடு. அவருடைய கொள்கை எல்லாம் அங்கே செங்கலும் சிமெண்டுமாக நின்றது. குடிவந்தவர்கள் கூரையைச் சரிவாக்கினார்கள், ஜன்னலைச் சின்னதாக்கினார்கள், தூணுக்குக் கீழே இருந்த வெற்றிடத்தைச் சுவர் வைத்து அறையாக்கிக்கொண்டார்கள். 1960-களில் ஃபிலிப் பூதோன் என்ற ஆய்வாளர் வீடுவீடாகப் போய் விசாரித்தார். இதைத் தோல்வி என்று எல்லோரும் எதிர்பார்த்திருக்க, இத்தனை மாற்றத்துக்கும் இடம் கொடுத்ததே அந்த வீடுகளின் பலம் என்று கண்டார். வாழ்க்கைதான் எப்போதும் சரி, கட்டடக்கலைஞர்தான் தவறு என்று லெ கார்புசியேயே ஒருமுறை சொன்னதாகச் சொல்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், 2016-ல் யுனெஸ்கோ இந்தக் குடியிருப்பை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. இப்போது வீடுகளைப் பழையபடி மீட்கும் வேலை நடக்கிறது. வாழ்க்கை போட்ட ஓடுகளைக் கழற்றுகிறார்கள்.

தத்துவவாதிகளின் சொந்த வீடுகளையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம். விட்கென்ஸ்டைன் 1926-28-ல் வியன்னாவில் தன் அக்காவுக்குக் கட்டிய வீட்டில், வேலை முடியும் தறுவாயில் கூடத்தின் மேல்தளத்தை 3 சென்டிமீட்டர் உயர்த்திக் கட்டச் சொன்னார். வில்லியம் ஜேம்ஸ் நியூ ஹாம்ப்ஷயரில் வாங்கிய கோடைக்கால வீட்டைப் பற்றிக் குதூகலமாகச் சொன்னது, அதற்கு 14 கதவுகள், எல்லாம் வெளிப்பக்கம் திறப்பவை என்பதுதான். பர்ஸ் 1888-ல் பென்சில்வேனியாவில் ஒரு பண்ணைவீட்டை வாங்கி, கையில் காசு சேர்ந்தபோதெல்லாம் இடித்து இடித்துப் பெரிதாக்கிக்கொண்டிருந்தார். நினைத்தபடி அது கடைசிவரை முடியவே இல்லை. நம் ஊர் மொட்டை மாடிகளில் ஆகாயத்தைப் பார்த்து நிற்கும் கம்பிகளை பர்ஸ் பார்த்திருந்தால் உடனே புரிந்துகொண்டிருப்பார். எங்கள் வீட்டில் 1990-களில் மாடிக்கென்று விட்டுவைத்த கம்பி, நான் வேலைக்குப் போன பிறகுதான் கான்கிரீட்டைக் கண்டது. அதற்குள் துரு ஏறி, கொத்தனார் அதைச் சுத்தியலால் தட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். வளரும் வீடு என்ற எண்ணம் நம்மிடம் எப்போதும் இருக்கிறது. வளர்ச்சியை முன்கூட்டி வரைந்துவைக்கும் பழக்கம்தான் இல்லை.

இக்கிக்கேயில் வரைந்துவைத்தார்கள். யோசனை போன விதம் எளிமையானது. அடுக்குமாடியில் பின்னால் கூட்டிக் கட்ட முடிந்தவர்கள் இரண்டே பேர்: தரைத்தளத்துக்காரர் பின்புறம் இழுத்துக் கட்டலாம், உச்சியில் இருப்பவர் மேலே எடுக்கலாம். நடுவில் மாட்டிக்கொண்டவருக்குத்தான் வழியில்லை. அப்படியானால் நடுவை எடுத்துவிட்டு, தரைத்தளத்தையும் உச்சித்தளத்தையும் மட்டும் கட்டினால்? கீழே ஒரு வீடு, அதன்மேல் இரண்டு தளமாக இன்னொரு வீடு. மேல்வீடுகளுக்கு இடையே வீட்டின் அகலத்துக்கு வெற்றிடம். காசுக்குக் கட்ட முடிந்தது 36 சதுர மீட்டர் அளவு, சுமார் 390 சதுர அடி. குடும்பம் அந்த வெற்றிடத்தை நிரப்பிக்கொண்டால் 70 சதுர மீட்டரைத் தொடும். 2004 வாக்கில் 93 குடும்பங்கள் அதே நிலத்தில், அதே பிள்ளைகளின் பள்ளிக்கும் அதே வேலைக்கும் பக்கத்தில் குடியேறின. 2016-ல் அரவேனாவுக்குக் கட்டடக்கலையின் மிக உயர்ந்த விருதான பிரிட்ஸ்கர் பரிசு கிடைத்தது. அந்த வருடமே அவர் குழு தன் வீட்டுத் திட்டங்கள் நான்கின் வரைபடங்களை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று பொதுவில் வைத்தது.

பாதி வீடு என்றவுடன் மலிவான வீடு என்று தோன்றும். இங்கே நுணுக்கம் எந்தப் பாதி என்பதில் இருக்கிறது. ஒரு குடும்பம் தனியாக, ஞாயிற்றுக்கிழமைகளில், தெரிந்த மேஸ்திரியை வைத்துக்கொண்டு செய்யவே முடியாத பாதியை அரசின் காசில் செய்வது: அஸ்திவாரம், தாங்கும் சட்டகம், இரண்டு வீட்டுக்கும் பொதுவான தீத்தடுப்புச் சுவர், படிக்கட்டு, சமையலறை, குளியலறை. படுக்கையறைக்குச் சுவர் வைப்பதும் கூடத்துக்கு வண்ணம் அடிப்பதும் அவர்களுக்கு வரும். டூயி சொன்ன செருப்புப் பங்கீடு இதுதான். தைப்பவர் அடித்தோலைப் பார்த்துக்கொள்கிறார். வாரை எந்த ஓட்டையில் மாட்டுவது என்பது போட்டிருப்பவர் பாடு.

அரவேனா சொல்லும் சம்பவம் ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். காசு இரண்டில் ஒன்றுக்குத்தான் போதும்: வெந்நீர்க் கொதிகலனா, குளியல் தொட்டியா? அதிகாரிகளைக் கேட்டால் கொதிகலன் என்பார்கள். குடும்பங்கள் தொட்டியைக் கேட்டன. குடிசையில் இருந்தவரை குளிக்க மறைவான இடமே கிடையாது. குடியேறிய முதல் மாதம் எரிவாயுவுக்குக் காசும் இருக்காது. கொதிகலனைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம், தொட்டியைப் பிறகு வைப்பது கஷ்டம். எது பின்னால் திருத்தக்கூடியது, எது திருத்த முடியாதது என்பதை அவர்கள் துல்லியமாகப் பிரித்துவைத்திருந்தார்கள்.

பாதி வீட்டைப் பற்றி இவ்வளவு நன்றாகப் பேசிய பிறகு, அதன் மேல் உள்ள குற்றச்சாட்டுகளை மெதுவாகக் கடந்துபோவது நேர்மையாகாது. முதல் குற்றச்சாட்டு கனமானது: 7,500 டாலர்தான் என்பதை ஏன் இயற்கை விதி மாதிரி ஏற்றுக்கொள்ள வேண்டும்? பாதியில் நழுவ நினைக்கும் அரசுக்குப் பாதி வீடு நல்ல சாக்கு. நடைமுறைவாதத்தின் மேலேயே பழைய புகார் இதுதான், இருப்பதை ஏற்றுக்கொண்டு அதற்குள் சாமர்த்தியம் காட்டுகிறது என்று. டூயியைப் படித்தவருக்குப் பதில் தெரியும். அவர் குறிக்கோளையும் வழியையும் தனித்தனியாக வைக்கவில்லை. வழி போதாது என்று செய்து பார்த்ததில் தெரிந்தால் தொகையைக் கேள்வி கேட்பதும் அதே ஆய்வின் பகுதிதான். ஆனால் நடப்பில் கட்டடக்கலைஞர்கள் அந்தப் பகுதியை அவ்வளவு ஆர்வமாகச் செய்வதில்லை. வெற்றிடத்தின் புகைப்படம் அழகாக வருகிறது, மானியக் கணக்கின் புகைப்படம் வராது.

இரண்டாவது, மீதிப் பாதியைக் கட்ட உடம்பிலும் கையிலும் தெம்பு இல்லாதவர்கள். தனியாக இருக்கும் மூதாட்டிக்கு 36 சதுர மீட்டர் என்றைக்கும் 36 சதுர மீட்டர்தான். மூன்றாவது, மேல்தளத்து வெற்றிடத்தில் ஏறி நின்று கட்டுவது ஆபத்தான வேலை. பூகம்பம் அடிக்கடி வரும் சிலியில் யார் எப்படி இணைத்துக் கட்டினார்கள் என்று பார்க்க ஆள் வேண்டும்.

வெறும் மனை

இதைத்தான் முதலில் நான் மூன்றாம் இடத்தில் வைத்திருந்தேன். மனையை மட்டும் கொடுப்பது கைகழுவுவது என்ற எண்ணம். அரண்யாதான் எண்ணத்தை மாற்றியது.

இந்தூர் நகரின் ஓரத்தில், 1980-களில், பி. வி. தோஷி வடிவமைத்த குடியிருப்பு அது. சுமார் 85 ஹெக்டேரில் 6,500 மனைகள். மிகச் சின்ன மனை 35 சதுர மீட்டர். ஏழைகளுக்கு மனையோடு பேஸ்மட்டமும் கழிப்பறையும் தண்ணீர்க் குழாயும் வந்தன. அதன்மேல் எப்படியெல்லாம் கட்டலாம் என்று காட்ட 80 மாதிரி வீடுகளைக் கட்டிவைத்தார்கள். இப்படித்தான் கட்ட வேண்டும் என்று சொல்லவில்லை, இப்படியும் கட்டலாம் என்றார்கள். தோஷியின் உழைப்பெல்லாம் வீட்டை விட்டுவிட்டுத் தெருவில் போயிருக்கிறது. தெருக்கள் எங்கே ஒடுங்க வேண்டும், எங்கே அகல வேண்டும், வசதியானவர் மனையும் வசதியில்லாதவர் மனையும் எவ்வளவு பக்கத்தில் இருக்க வேண்டும் என்பவையெல்லாம் பின்னால் எவராலும் திருத்த முடியாதவை. வாசல் திண்ணை போன்றவை திருத்தக்கூடியவை, ஆகவே விட்டுவிட்டார். 1995-ல் கட்டடக்கலைக்கான ஆகா கான் விருது கிடைத்தது.

சென்னைக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு. 1977 முதல் உலக வங்கிக் கடனோடு அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய இடங்களில் மனையும் அடிப்படை வசதிகளுமாகப் பிரித்துக் கொடுத்தார்கள். இத்தகைய திட்டங்களைப் பற்றி அந்தக் காலத்து அபிப்பிராயம் நல்லதாக இல்லை. ஊருக்கு வெளியே இருக்கிறது, மனைகள் நிரம்பவே நாளாகிறது, ஏழைகளுக்குப் போய்ச் சேரவில்லை என்றார்கள். 90-களில் வங்கிக்கும் ஆர்வம் வடிந்துவிட்டது. அப்புறம் 20 வருடம் கழித்துச் சென்னையிலும் மும்பையிலும் அதே இடங்களுக்குத் திரும்பிப் போன ஓர் ஆய்வு 2018-ல் வெளியானது. அவர்கள் பார்த்தது நன்றாக நிரம்பிய, பல வருமானக்காரர்களும் கலந்து வாழும் ஊர்ப்பகுதிகளை. தோல்வி என்று நினைத்தபோது அது வெற்றியாகிக்கொண்டிருந்தது. ஊருக்கு வெளியே என்ற அரும்பாக்கத்துக்கு 2015-ல் மெட்ரோ ரயிலே வந்துவிட்டது.

உண்மை போகப் போக நேர்வது என்று ஜேம்ஸ் சொன்னதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. ஆனால் இதே உதாரணம் என்னைக் கொஞ்சம் உறுத்தவும் செய்கிறது. 20 வருடம் கழித்துப் போய்ப் பார்க்கிறவர் கண்ணில் தங்கியவர்கள்தான் படுவார்கள். மூன்றாம் வருடம் மகள் கல்யாணத்துக்காக மனையை விற்றுவிட்டுப் போனவர் அந்தத் தெருவில் இல்லை. தார்ப்பாயின் கீழ் இரண்டு மழைக்காலம் கழித்த குழந்தை இப்போது வளர்ந்துவிட்டது. மனையின் பயன் மெதுவாக வருகிறது, அதன் வலி மட்டும் முதல் மழையிலேயே வந்துவிடுகிறது. விளைவைப் பார்ப்பது என்று முடிவெடுத்தால் யாருடைய விளைவு, எந்த வருடத்து விளைவு என்றும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும்.

என் பக்கம்

எண்ணித் துணிக கருமம், துணிந்தபின் எண்ணுவம் என்பது இழுக்கு என்றார் வள்ளுவர். போருக்கும் அமைச்சுக்கும் அது சரியாக இருக்கலாம். வீட்டுவசதியில் துணிந்தபின் எண்ணாமல் தீராது. செயின்ட் லூயிஸில் வந்த கஷ்டமெல்லாம் துணிந்தபின் எண்ண வழி வைக்காததால் வந்தவை. பின்னால் எண்ணுவதற்கும் சேர்த்து முன்னால் எண்ணி வை என்று குறளைக் கொஞ்சம் நீட்டிக்கொள்கிறேன்.

அந்தக் கணக்கில், நிலம் ஊருக்குள் இருந்து, விலை அதிகமாகி, காசு பாதிக்குத்தான் வருகிறது என்றால் நான் பாதி வீட்டுக்குத்தான் கையெழுத்துப் போடுவேன். தவறைக் கண்டுபிடிப்பவரும் திருத்துபவரும் ஒரே ஆளாக இருக்கும் ஏற்பாடு அது. திருத்த முடியாத பகுதி மட்டும் தெரிந்தவர் கையில் இருக்கிறது. மூன்று தளத்துக்கு மேல் போக வேண்டிய அளவுக்கு நெருக்கடி இருந்தால் பாதி வீடு வேலை செய்யாது, அப்போது அடுக்குமாடிதான். பராமரிப்புக்குத் தனி நிதி முதல் நாளே ஒதுக்கப்படாத அடுக்குமாடிக்கு நான் ஒப்ப மாட்டேன். மனை என்றால், பேருந்து வந்துபோகும் தூரத்தில் வேலை இருக்க வேண்டும், பட்டா குடும்பத்தின் பெயரில் இருக்க வேண்டும், குறைந்தது ஒரு கழிப்பறையும் தலைக்கு மேல் ஒரு கூரையும் முதல் மழைக்கு முன்னால் வந்துவிட வேண்டும். புயலிலும் தீயிலும் எல்லாம் இழந்து நிற்பவர்களிடம் மனையை நீட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

பாதி வீட்டிலும் நூற்றுக்கு நூறு பாதி வீடு என்று கட்ட மாட்டேன். கட்டத் தெம்பில்லாதவர்களுக்குச் சில வீடுகளை முழுதாக முடித்துக் கொடுக்க வேண்டும். எத்தனை என்பதைக் குடும்பங்களோடு உட்கார்ந்து பேசினால்தான் தெரியும். யார் வீட்டில் சம்பாதிக்கும் பிள்ளை இல்லை, யாருக்கு மூட்டுவலி என்று அந்தத் தெருவுக்குத் தெரியும். அப்புறம், கட்டுமானத் தொகையில் ஒரு துண்டைச் செலவழிக்காமல் எடுத்துவைப்பேன். ஒரு பொறியாளர் பத்து வருடத்துக்கு மாதம் இரண்டு நாள் அந்தத் தெருவுக்கு வந்துபோக அந்தப் பணம். இந்தச் சுவரை உடைக்கலாமா, இந்த உத்தரத்தின் மேல் இன்னொரு அறை நிற்குமா என்று கேட்பவர்களுக்கு அவர் நின்று பதில் சொல்ல வேண்டும். கம்பி துருவேறியிருந்தால் உதட்டைப் பிதுக்குவதோடு நிறுத்திக்கொள்ளாமல், என்ன செய்யலாம் என்றும் சொல்ல வேண்டும்.